ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தல்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)





"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. மேடைகளிலும் வீடுகளிலும் இதனை எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். கேட்டபோதெல்லாம் "ஊரார் பிள்ளை", "தன் பிள்ளை" என்னும் சொற்களையே கவனித்தோம். நடுவே நிற்கும் "ஊட்டி" என்னும் சொல்லைக் கவனித்தோமில்லை. பிறர் பெற்ற பிள்ளைக்கு உடை கொடுப்பது எளிது. பாடசாலைக்கு அனுப்புவதும் எளிது. ஊட்டுவதுதான் அரிது. அது ஏன் அரிதாகின்றது, அதனை எவ்வாறு எளிதாக்கலாம் என்பவற்றைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

நமது சமயத்துக்கு வளர்ப்புப் பிள்ளை புதியவன் அல்லன். சரவணப் பொய்கையிலே கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டி வளர்த்தமையால் முருகப் பெருமான் கார்த்திகேயன் என்னும் திருநாமம் பெற்றான். ஊட்டியவர் பெயரையே தன் பெயராகக் கொண்ட தெய்வம் அவன். கண்ணனை ஈன்றவள் தேவகி. ஊட்டி வளர்த்தவள் யசோதை. யசோதையை நினையாமல் கண்ணனை நினைக்க நம்மால் இயலாது.

நம் முன்னோரின் வழமையிலும் இதற்கு இடமுண்டு. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில், பிள்ளையைச் சுவீகரிப்போர் மஞ்சள் நீர் அருந்தும் சடங்கு குறிக்கப்பட்டுள்ளது. அதற்குச் சட்ட அறிஞர் கூறும் பொருள் எதுவாயினும் ஆகுக. எனக்கு அதில் ஒன்று தோன்றுகின்றது. பிள்ளை நம் வீட்டில் ஒரு மிடறு பருகுமுன், வளர்க்க முன்வந்தவர் பருகுகின்றார். பிள்ளை நமக்குப் பழகவேண்டுமென எதிர்பார்க்குமுன், நாம் பிள்ளைக்குப் பழகுதல் வேண்டும்.

இன்று சுவீகாரம் 1941 ஆம் ஆண்டின் பிள்ளைகளைச் சுவீகரித்தற் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றத்தின் ஆணையால் நடைபெறுகின்றது. ஆயின் நமது மன்னார்த் தீவிலும் அதன் எதிரே உள்ள பெருநிலத்திலும் வளர்ப்புப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் நீதிமன்றத்தின் வழியாக வந்தவரல்லர். படலையைத் திறந்துகொண்டு வந்தவர்கள். போரிலே பெற்றோரை இழந்த பிள்ளையை அம்மம்மா எடுத்தாள். கடலுக்குப் போன தகப்பன் திரும்பாத வீட்டுப் பிள்ளையை மாமி எடுத்தாள். தாய் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குச் சென்றபின் சின்னம்மா எடுத்தாள். இத்தகைய வீடுகள் நம் ஒவ்வொருவரின் ஒழுங்கையிலும் உள்ளன. எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று.

2011 ஆம் ஆண்டில் எனக்கு எட்டு வயது. அப்போது எங்கள் வீட்டுக்கு ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். என் தாயாருக்கு ஒன்றுவிட்ட சகோதரியின் மகன். அவனுடைய குடும்பம் அடம்பன் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, இடம் இடமாக நகர்ந்து, 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை சென்றது. திரும்பி வந்தவன் அவன் மாத்திரமே. செட்டிகுளத்து முகாமிலும் பின்னர் வேறிடங்களிலும் இருந்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தான். அவனுடைய இசைவைப் பெற்றே இதனைக் கூறுகின்றேன்.

அவன் சோற்றை மெல்லுவதில்லை, விழுங்குவான். வயிறு நிறைந்து வாந்தி எடுத்தபின்னும் கோப்பையை விடான். அதே பிள்ளை கஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்; வற்புறுத்தினால் ஓங்காளிப்பான். ஒரு நாள் அவன் பாயைச் சுருட்டியபோது அடியிலே காய்ந்த பாண் துண்டுகளும் எறும்பு மொய்த்த ரொட்டியும் கிடந்தன. நான் அவற்றை எடுத்துக்கொண்டு குசினிக்கு ஓடி, எல்லோரும் இருக்கையில், "இவன் கள்ளன்! களவாய் எடுத்து வைத்திருக்கிறான்!" என்று கத்தினேன். அன்று முழுவதும் அவன் வாய் திறக்கவில்லை, மறுநாளும் உண்ணவில்லை. நான் வெற்றி பெற்றவனைப்போல் நின்றேன்.

என் அம்மம்மா என்னை அடிக்கவில்லை. வெளியே அழைத்துச் சென்று, "தம்பி, அவன் களவெடுக்கேல்லை. நாளைக்குச் சாப்பாடு இருக்குமெண்டு அவனுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள். பின்பு வெறுமையான பிஸ்கற் பேணி ஒன்றைக் கழுவித் துடைத்து, அதிலே பிஸ்கற்றும் இரண்டு வாழைப்பழமும் வைத்து அவனுடைய பாயருகே கொண்டுபோனாள். "இது உன்ர பேணி, ராசா. இது முடிய நான் விடமாட்டன்" என்றாள். ஒவ்வோர் இரவும் அவன் கண்முன்னாலேயே அதனை நிரப்பினாள்.

எழுதப் படிக்க அதிகம் அறியாத அம்மம்மா செய்தது எவ்வளவு சரியானது என்பதை நான் பல்கலைக்கழகம் சென்று நூல்களைப் படித்த பின்னரே உணர்ந்தேன்.

சபையோரே, பட்டினியையோ கவனிப்பாரின்மையையோ கண்ட பிள்ளையிடம் உணவு சம்பந்தமான தொல்லைகள் பலவிதமாகத் தோன்றும். ஒரு பிள்ளை அளவின்றி உண்ணும். ஒரு பிள்ளை ஒளித்து வைக்கும். ஒரு பிள்ளை இரண்டொரு பண்டங்களைத் தவிர எதனையும் தொடாது. ஒரு பிள்ளை வாயில் வைத்த கவளத்தை மணிக்கணக்காகக் கன்னத்திலே அடக்கி வைத்திருக்கும். இவற்றை நாம் பேராசை, பிடிவாதம், களவு எனப் பெயரிடுகின்றோம். அவை குணக்கேடுகளல்ல, பிள்ளை உயிர் பிழைப்பதற்காகக் கற்றுக்கொண்ட பாடங்கள். ஆபத்து நீங்கியது என்று அறிவு சொன்னாலும் உடல் அதனை நம்பப் பல மாதங்கள் செல்லும்; சில பிள்ளைகட்கு ஆண்டுகளும் செல்லும்.

மெல்லத் தெரியாத பிள்ளையும் உண்டு. குழந்தை ஆறு மாதம் நிறைந்தபின் மசித்த உணவையும், பின்னர் சிறு கட்டிகளுள்ள உணவையும் உண்டு பழகுகின்றது. அந்தப் பருவத்திலே போத்தற்பாலும் நீர்த்த கஞ்சியும் மாத்திரமே கிடைத்த பிள்ளைக்கு, நாக்கும் தாடையும் தம் தொழிலைப் பயிலவில்லை. 1989 ஆம் ஆண்டின் இறுதியில் றுமேனியாவில் ஆட்சி கவிழ்ந்தபோது, அநாதை இல்லங்களில் வாடிய குழந்தைகள் உலகின் கண்ணுக்குத் தெரிந்தனர். அங்கிருந்து இங்கிலாந்துக்குச் சுவீகாரமாகச் சென்ற 165 பிள்ளைகளைப் பேராசிரியர் மைக்கல் றற்றரும் அவருடன் பணியாற்றியோரும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். கட்டியான உணவை மென்று விழுங்க அவர்களுட் சிலர் பெரிதும் இடர்ப்பட்டனர் என்பது அவ்வாராய்ச்சியில் வெளிப்பட்டது. செல்வம் நிறைந்த வீட்டுக்கு வந்தும் வாய் பழைய இல்லத்திலேயே இருந்தது.

அவ்வாறாயின் மருந்து யாது? நல்ல உணவை நிறையக் கொடுத்தால் போதாதா? போதாது என்பதற்கு ஓர் ஆதாரம் காட்டுவேன். இரண்டாம் உலகப் போரின் பின்னர் ஜேர்மனியிலே, எல்சி விடோசன் என்னும் ஆங்கிலேய அம்மையார் இரண்டு அநாதை இல்லங்களிற் பிள்ளைகளின் நிறையை அளந்து வந்தார். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 50 பிள்ளைகள். இரண்டிலும் ஒரே அளவான பங்கீட்டு உணவு. ஆறு மாதம் கழிந்தபின் ஓர் இல்லத்துக்கு மாத்திரம் மேலதிகமாகப் பாணும் பழப்பாகும் தோடம்பழச் சாறும் கொடுக்கப்பட்டன. அவ்வில்லத்துப் பிள்ளைகள் விரைந்து வளர்வர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நிகழ்ந்ததோ வேறு. மேலதிக உணவு கிடையாத பிள்ளைகளே கூடுதலாக நிறை பெற்றனர்.

காரணத்தை ஆராய்ந்தபோது ஒரு செய்தி தெரியவந்தது. உணவு கூட்டப்பட்ட அதே வேளையில் மேற்பார்வை செய்யும் பெண்மணி ஒருவர் இல்லம் மாறியிருந்தார். அவர் கடுமையானவர். பிள்ளைகள் உண்ண அமரும் நேரத்தையே கண்டிப்பதற்குரிய நேரமாகத் தெரிந்தெடுத்து, எல்லோர் முன்னும் ஏசுவார். உணவு ஆறிப்போகும்; பிள்ளைகள் அழுதுகொண்டிருப்பர். அவர் விட்டுச்சென்ற இல்லத்துப் பிள்ளைகள் பங்கீட்டு உணவிலேயே வளர்ந்தனர். அவர் வந்து சேர்ந்த இல்லத்துப் பிள்ளைகள் பழப்பாகு உண்டும் வளர்ச்சி குன்றினர். அவருக்குப் பிரியமான எட்டுப் பிள்ளைகள் அவரோடு சென்றிருந்தனர். அவர்கள் மாத்திரம் நன்றாக வளர்ந்தனர். இவ்வாராய்ச்சி 1951 ஆம் ஆண்டில் லான்செற் என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அம்மையார் அதில் விவிலியத்தின் நீதிமொழிகள் நூலை எடுத்துக்காட்டியுள்ளார். மிஷன் பாடசாலையிலே அந்நூலைப் பயின்ற எனக்கு, விவேகசிந்தாமணியும் முகமலர்ந்து இடும் எளிய உணவைப் பற்றி இதனையே கூறுகின்றதே என்னும் நினைவு வந்தது. நிறுத்துப் பார்க்கும் தராசும் இவ்விரு நூல்களோடு உடன்படுகின்றது.

இனி, வீட்டிலே செய்யக்கூடியவற்றைச் சொல்லுகின்றேன். அமெரிக்க நாட்டு எலின் சாற்றர் என்னும் உணவியல் அம்மையார் 1980களில் ஒரு பாகப்பிரிவினையை வகுத்தார். என்ன உணவு, எப்பொழுது, எங்கே என்பவற்றைத் தீர்மானிப்பது பெரியோரின் பாகம். உண்பதா இல்லையா, எவ்வளவு உண்பது என்பவற்றைத் தீர்மானிப்பது பிள்ளையின் பாகம். ஒருவர் பாகத்துள் மற்றவர் புகலாகாது. கேட்பதற்கு எளிது, கடைப்பிடிப்பதற்கு மிகுந்த பொறுமை வேண்டும்.

முதலாவது, நேரம். மூன்று வேளை உணவும் இடையிடையே இரண்டு மூன்று சிற்றுணவும் நாள்தோறும் ஒரே நேரத்தில் வரல் வேண்டும். சிறு பிள்ளைக்கு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஏதேனும் கிடைத்தல் நன்று. கடிகாரம் பாராத பிள்ளைக்கும் வயிறு கடிகாரமாகும். தவறாது வரும் உணவே "நாளையும் வரும்" என்னும் உறுதியைக் கொடுக்கும்.

இரண்டாவது, ஒளித்து வைக்கும் பிள்ளையிடமிருந்து பறிக்கலாகாது. எறும்பேறாத பேணியொன்றைக் கொடுத்து, பழுதாகாத பண்டத்தை வைத்து, அது அவனுடையது எனச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கச்சான் வைக்க வேண்டாம்; தொண்டையில் அடைக்கும்.

மூன்றாவது, வற்புறுத்தலும் இலஞ்சமும் ஆகா. மூக்கைப் பிடித்து ஊட்டுவதும், "இதைத் தின்றால்தான் இனிப்பு" என்பதும் பிள்ளையின் பயத்தை வளர்க்கும். புதிய உணவைச் சிறிதளவு கோப்பையின் ஓரத்தில் வைத்து, நாமும் உடனிருந்து உண்ணல் வேண்டும். பத்துப் பதினைந்து தடவை கண்டபின்னரே சில பிள்ளைகள் தொடுவர். பழகிய உணவு ஒன்றாவது எப்போதும் கூட இருக்கட்டும். எங்கள் தம்பிக்கு இடியப்பமும் மீன்சொதியும் பழகியவை. ஒடியற்கூழுக்கு வர அவனுக்கு இரண்டு ஆண்டு சென்றது. வெள்ளைக் கஞ்சியை அவன் இன்றும் உண்பதில்லை. மே மாதத்தில் அக்கஞ்சியை ஊர் நினைவாகப் பருகுகின்றது; அவனுக்கோ அது நினைவாக அல்ல, நாவிலேயே இருக்கின்றது. அவனை எவரும் கேட்பதில்லை.

நான்காவது, மெல்லத் தெரியாத பிள்ளைக்குப் படிப்படியாகப் பழக்கல் வேண்டும். தடித்த கஞ்சி, மசித்த சோறு, குழைத்த பருப்பு, பின்பு மெதுவான சிறு துண்டுகள் என முன்னேறுங்கள். வயதைப் பாராது வாயின் பழக்கத்தைப் பாருங்கள்.

ஐந்தாவது, கைக்குழந்தை. போத்தலைத் தலையணையில் சாய்த்துவைத்துக் குழந்தையைத் தனியே விடலாகாது. மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. மடியிலே ஏந்தி முகம் பார்த்து ஊட்டல் வேண்டும். கூடுமானவரை ஒருவரே ஊட்டினால், பசிக்கு அழுதால் இம்முகம் வரும் எனக் குழந்தை அறியும். பெறாத தாய்க்கும், பாலூட்டி நிறுத்திய தாய்க்கும் தகுந்த உதவியோடு மீண்டும் பால் சுரக்கச் செய்யலாம் என உலகச் சுகாதார நிறுவனம் 1998 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் கூறுகின்றது. நம் ஊர்ப் பாட்டிமார் இதனைக் கேட்டு வியக்கமாட்டார்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் அன்பு மாத்திரம் தீர்க்கும் என நான் கூறவில்லை. மிகவும் மெலிந்து வாடிய பிள்ளைக்கு ஒரேயடியாக நிறைய உணவு கொடுப்பது உயிருக்கே ஆபத்து. 1945 இல் ஐரோப்பியப் பட்டினி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டோருட் பலர் அவ்வாறே இறந்தனர். அத்தகைய பிள்ளையை முதலில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். உண்ணும்போது இருமல், மூச்சுத் திணறல், தொடர்ந்த வாந்தி, நிறை குறைதல் என்பவை கண்டாலும் தாமதியாதீர்கள். பல்வலி, பூச்சித் தொல்லை, மலச்சிக்கல், இரத்தச்சோகை ஆகியவையும் பிடிவாதம்போல் தோற்றும். விழுங்குதலைப் பழக்குவதற்குப் பேச்சுச் சிகிச்சையாளரும் உள்ளனர். குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையின் நிறையை வளர்ச்சிப் பதிவேட்டிற் குறித்துப் பார்ப்பார். நிறை குறைந்த சிறு பிள்ளைகட்குத் திரிபோஷாவும் கிளினிக்கிலே வழங்கப்படும். 1973 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திட்டம் அது. வளர்ப்புப் பிள்ளையென்று கூச்சப்பட்டுப் பின்னிற்க வேண்டியதில்லை.

நிற்க. இதுகாறும் வளர்ப்போரைப் பற்றிப் பேசினேன். இனி நம்மைப் பற்றிப் பேசுதல் வேண்டும். கசப்பாயிருப்பின் பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு நாம் சிறுவர் இல்லம் ஒன்றுக்கு அன்னதானம் கொண்டுசென்றோம். பிரதம விருந்தினர் வரத் தாமதமாயிற்று. சமைத்த உணவு மேசையில் மணத்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் இரண்டு மணி நேரம் வரிசையில் அமர்ந்திருந்தனர். அவர் வந்தபின் பாட்டுப் பாடினர், நன்றி கூறினர், நாம் படம் எடுத்தோம், அதன் பின்னரே இலையில் சோறு விழுந்தது. ஒரு சிறுமி வடையை எடுத்துச் சட்டை மடிக்குள் வைத்தாள். நம்மில் ஒருவர், "காய்ந்த மாடு கம்பிலே விழுந்தாற்போல" என்றார், நாம் சிரித்தோம். நானும் சிரித்தேன். எட்டு வயதிலே நான் செய்த பிழையை இருபது வயது கடந்தும் நண்பர்களோடு சேர்ந்து செய்தேன்.

நம் நோக்கம் நல்லதே. ஆயினும் உணவு எப்போது வரும் என அஞ்சும் பிள்ளையைக் காக்கவைத்து, பின்னர் ஒரே நாளில் விருந்தளித்து, மறுநாள் மறைந்துபோவது அப்பிள்ளையின் பயத்தை மெய்யென்றே காட்டுகின்றது. ஆதலால் சபையின் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஒரு நாள் விருந்துக்குச் சேர்க்கும் பணத்தை மாதந்தோறும் முட்டைக்கும் பழத்துக்கும் பகிர்ந்து கொடுப்போம். எது வேண்டுமென இல்லத்தாரிடமே கேட்டறிவோம். உணவுக்கு முன் பாட்டும் உரையும் வேண்டாம். படம் வேண்டவே வேண்டாம். நம் ஊர்களிற் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் முதியோரைக் கணக்கெடுத்து, கிளினிக் நாளில் அவர்களை அழைத்துச் செல்ல அங்கத்தவர் இருவரை முறைவைத்து நியமிப்போம். பிள்ளை கேட்க, "கள்ளன்", "பஞ்சத்தில் அடிபட்டவன்" என்னும் சொற்களை நம் வாயிலிருந்து நீக்குவோம். கண்ணன் வெண்ணெய் எடுத்ததை ஆண்டுதோறும் விழாவெடுத்துக் கொண்டாடுகின்ற நாம், பாண் துண்டெடுத்த பிள்ளையைக் கள்ளன் என்பது எவ்வகையில் நியாயம்?

இராமேச்சரத்திலிருந்து கடலுக்கப்பாலுள்ள நம் திருக்கேதீச்சரத்தைப் பாடிய திருஞானசம்பந்தரின் வரலாற்றை நாம் அறிவோம். மூன்று வயதிற் சீகாழித் திருக்குளக்கரையிலே அழுத பிள்ளைக்கு அம்மை பாலூட்டினாள். நீராடி எழுந்த தந்தையார், பிள்ளையின் வாயிலே பாலைக் கண்டு, யார் கொடுத்ததை உண்டாய் எனக் கோலெடுத்து ஓச்சினார். அன்பு மிகுந்த தந்தைதான். ஆயினும் அவர் கை முதலில் நாடியது கோலை. அம்மையோ கேள்வி எதுவும் கேட்கவில்லை. அழுத பிள்ளைக்கு முதலிற் பாலைக் கொடுத்தாள். நம் கையில் இருப்பது கோலா, கிண்ணமா என்பதை ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்வோமாக.

எங்கள் வீட்டுப் பேணியின் கதையை முடிக்கவில்லை. முதல் மாதங்களில் அவன் நள்ளிரவில் எழுந்து அதனைத் திறந்து பார்ப்பான். உண்ணமாட்டான், எண்ணிப் பார்த்துவிட்டு மூடுவான். நாளடைவில் திறப்பது குறைந்தது. ஓராண்டுக்கு மேல் சென்றபின் ஒரு நாள், பாடசாலையால் பசியோடு வந்த என்னிடம் அவனே பேணியை நீட்டினான். அவனைக் கள்ளன் என்ற வாய்க்கு அவன் கொடுத்த பிஸ்கற் அது. இன்று அவன் கடற்றொழில் செய்யும் இளைஞன். அம்மம்மா இப்போது இல்லை. பேணி துருப்பிடித்துவிட்டது, எறிய எங்களுக்கு மனம் வரவில்லை.